காய் வெந்த தண்ணீர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

உங்கள் அத்தையின் வத்தக்குழம்பு பற்றிய கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன். கூடவே எரிச்சலும் வந்தது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வாரத்தில் நாலு நாள் ராத்திரிச் சாப்பாடு கடையில்தான். "கையால சமைச்சுப் போடுற பாசம் வருமா?" என்று மாமியார் என்னைக் கேட்கிறார். அவர் மகனைக் கேட்பதில்லை. சமைத்துப் போடாவிட்டால் பாசம் இல்லையா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

எரிச்சல் நியாயமானது. 2019-இல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. சமையல் உள்ளிட்ட சம்பளமில்லாத வீட்டு வேலைகளுக்குப் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த 97-ம் வீட்டு வேலை செய்த ஆண்களின் கணக்கு மட்டும்தான். ஏறக்குறைய நாலில் மூன்று ஆண்கள் அதில் சேரவே இல்லை. குழம்பின் ருசியை எழுதிய நான், அத்தை அடுப்படியில் நின்ற நேரத்தை எழுதவில்லை. தப்புதான்.

நான் சமைக்க ஆரம்பித்ததும் பாசத்தால் அல்ல, வேறு வழியில்லாததால். அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கியபோது மருத்துவமனையில் ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, கீரை கூடாது. இவற்றில் இருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறுமாம். உடம்புக்கு நல்லது என்று அம்மா எங்களுக்கு ஊட்டி வளர்த்ததெல்லாம் அந்தத் தாளில் இருந்தது!

உருளைக்கிழங்கைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும். "காய் வெந்த தண்ணியைக் கொட்டாதே, சத்தெல்லாம் அதுலதான்" என்று ஆயுசு முழுக்கச் சொன்னவர் அம்மா. முதல் நாள் நான் பாத்திரத்தைச் சாய்த்தபோது ஆவி முகத்தில் அடித்தது. வெளிர் மஞ்சளாகத் தண்ணீர் தொட்டியில் சுழன்று இறங்கியது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

உப்பு குறைய வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் சோடியம் குறைந்த உப்பு வாங்கிவந்தார். நல்லவேளை, அட்டையைப் படித்தேன். சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் குளோரைடு! அக்கறையோடு கொடுத்ததுதான், ஆனால் அம்மாவுக்கு அது விஷம். அப்புறம் மிளகு, சீரகம், கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சை என்று நாக்கை ஏமாற்றப் பழகினேன். ரசமும் மோரும்கூட நாளுக்கு இவ்வளவுதான் என்ற தண்ணீர்க் கணக்கில் வந்துவிடும் என்பதால், ரசத்தை டம்ளரால் அளந்து ஊற்றினேன்.

சமையலில் பாசம் என்று ஒன்று இருந்தால், எனக்குத் தெரிந்த வரை அது கைமணத்தில் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எது இறங்கும், எது ஆகாது என்று ஞாபகம் வைத்திருப்பதில் இருக்கிறது. களைத்து வந்தவருக்கு இன்றைக்குக் காரம் வேண்டாம் என்று கடையில் இட்லி வாங்கி வருகிறவரும் அதைத்தான் செய்கிறார். உங்கள் நாலு நாள் கடைச் சாப்பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மாமியாருக்கு எது ஒத்துக்கொள்ளும், எதைச் சாப்பிட்டால் நெஞ்சைக் கரிக்கும் என்று கணவரிடம் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் அவரே போய் அம்மாவிடம் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மிளகு ரசம் மட்டும் வைக்கட்டும். முதல் தடவை புளி தூக்கலாகத்தான் இருக்கும். நான் வைத்த முதல் ரசத்தை அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "யாருக்குடா மசக்கை?" என்றார்.