எடிட்டர் "நானும் ஆத்தர்தான்"னு சொல்றார், கையெழுத்து போடலாமா?

குடியாத்தத்துல இருந்து ரிட்டையர்ட் டீச்சர் ஒருத்தங்க எழுதிக் கேக்கறாங்க. அவங்க அப்பா தறி நெய்தவர், அந்த தெருவோட கதையை 3 நோட்டுல எழுதி, டைப் பண்ணி, சென்னைல ஒரு எடிட்டர்கிட்ட குடுத்திருக்காங்க. பேசினது 35,000, அட்வான்ஸ் 20,000 ஜிபேல போயிடுச்சு, அக்ரிமெண்ட்னு எதுவும் கிடையாது, எல்லாம் போன்லயும் வாட்ஸப்லயும் பேசினதுதான். 3 மாசம்னு சொன்னவர் 9 மாசம் கழிச்சு ஃபைல் அனுப்பியிருக்கார், அதுல "பாவு"ன்னு (தறில நீளவாக்குல ஓடற நூல்) இருந்த இடமெல்லாம் "பாவம்"னு மாத்தி வச்சிருக்கார், "தெருவில் பாவம் போட்டார்கள்"னு வருதாம். இப்போ அவர், புக்ல என் பேரும் ஆத்தரா வரணும், காப்பிரைட்ல பாதி எனக்கு, இதுல கையெழுத்து போட்டாத்தான் என்கிட்ட இருக்கற அந்த 3 நோட்டும் திரும்பி வரும்ங்கறார்.

டீச்சர், முதல்ல அந்த பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க. காப்பிரைட் ஆக்ட் 1957 பிரிவு 17 படி எழுதினவங்கதான் முதல் உரிமையாளர், பிழை திருத்தி வாக்கியம் சரிபண்ணினவருக்கு கூலிதான் உண்டு, பங்கு கிடையாது. கூட்டு ஆசிரியர்னா ரெண்டு பேரும் சேர்ந்து, யார் எழுதினது எதுன்னு பிரிக்க முடியாதபடி எழுதியிருக்கணும். உரிமையை மாத்திக் குடுக்கணும்னா பிரிவு 19 படி எழுத்துல உங்க கையெழுத்தோட இருக்கணும். அது அவர்கிட்ட இல்ல, அதனாலதான் இப்போ கேக்கறார்.

ஆனா ஒரு விஷயத்தை நீங்க கடைசி வரில போகிற போக்குல சொல்லிட்டு போயிட்டீங்க, எனக்கு அதுதான் உறுத்துது. ஊர் வரலாறு 12 பக்கம் "நீங்களே எழுதிடுங்க சார்"னு சொன்னீங்களே, அந்த 12 பக்கம் அவரோடதுதான். காசு குடுத்து எழுத வச்சா நம்மளுதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க, காசு குடுத்து எடுத்த போட்டோவுக்கு, வரைஞ்ச படத்துக்கு அந்த ரூல் உண்டு, எழுத்துக்கு இல்ல, அவர் உங்ககிட்ட சம்பளத்துக்கு வேலை பார்க்கறவரும் இல்ல. ஒண்ணு அதை எடுத்துட்டு நீங்களே எழுதுங்க, உங்க ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழாவைப் பத்தி உங்களுக்கு தெரியாததா, இல்லன்னா அந்த 12 பக்கத்துக்கு மட்டும் உரிமையை உங்க பேருக்கு மாத்தி அவர் கையெழுத்தோட எழுதி வாங்குங்க.

நோட்டு விஷயம். டைலர் கூலி வாங்காம துணியை பிடிச்சு வைக்கற மாதிரி ஒரு உரிமை காண்ட்ராக்ட் ஆக்ட் 170ல இருக்கு, அவர் வக்கீல் அதைத்தான் சொல்லுவார். ஆனா பேசின வேலையை பேசின டைம்ல முடிச்சவருக்குத்தான் அது, அதுவும் கூலிக்கு மட்டும்தான், காப்பிரைட்ல பாதி கேட்டு நோட்டை பிடிச்சு வைக்க அதுல இடமே இல்ல. 9 மாசமும் அந்த "பாவமும்" நம்ம பக்கம் பேசும்.

அக்ரிமெண்ட் இல்லன்னு பயப்படாதீங்க, வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபிக்கத்தான் ஜிபேயும் வாட்ஸப்பும் இருக்கே. 15 நாள் டைம் குடுத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், நோட்டையும் பணத்தையும் கேட்டு. மசியலன்னா வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற இடத்துலயே போடலாம், சென்னைக்கு அலைய வேணாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, பிரச்சினை ஆரம்பிச்சதுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். சொந்தக்காரங்களுக்கும் ஸ்கூல் லைப்ரரிக்கும் குடுக்கத்தான் புக்குன்னு எழுதியிருக்கீங்க, அதை மனுவுல மறக்காம சேருங்க, வியாபாரத்துக்குத்தான் புக்கு, அதனால நீங்க நுகர்வோரே இல்லன்னு அவங்க கிளப்பாம இருக்க. வக்கீல் செலவு யோசனையா இருந்தா சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவசம், 15100க்கு போன் பண்ணுங்க.

அப்புறம், வாட்ஸப் மெசேஜ் சாட்சியா போகணும்னா அதுக்கு ஒரு சர்டிபிகேட் போடணும், அதுக்கு அந்த போன் கைல இருக்கறது நல்லது. புது போன் வாங்கினேன்னு எழுதியிருக்கீங்க, பழசை பேத்திக்கு விளையாட குடுத்துடாதீங்க.