அனிலின் பட்டால் எரியாது, அதுதான் பயம்

கேள்வி: என் தம்பி குஜராத்தில் பரூச் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் இருக்கிறான். சாயம் செய்யப் பயன்படும் அனிலின் என்ற ரசாயனத் திரவத்தை டிரம்மிலிருந்து பம்ப் வைத்து மாற்றுகிற வேலை. போன வாரம் பேண்டில் கொஞ்சம் சிந்தியிருக்கிறது, எரியவில்லையே என்று ஷிப்ட் முடிகிறவரை அதே பேண்டோடு இருந்திருக்கிறான். ராத்திரி பயங்கரத் தலைவலி, உதடெல்லாம் நீலம். இப்போது சரியாகிவிட்டது என்கிறான். அவ்வளவு மோசமான பொருளா இது? புற்றுநோய் வரும் என்கிறார்களே, நிஜமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மோசமான பொருள்தான் சகோதரி, உங்கள் தம்பி தப்பித்தது பெரிய விஷயம். ஆசிட் பட்டால் உடம்பே துள்ளித் தண்ணீரைத் தேடும். அனிலின் வெறும் எண்ணெய் பட்ட மாதிரிதான் இருக்கும். கொதிநிலை 184 டிகிரி செல்சியஸ் என்பதால் பெட்ரோல்போலச் சட்டென்று ஆவியாகிப் போகாமல் துணியிலேயே தங்கி, தோல் வழியாக மணிக்கணக்கில் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். மாஸ்க் போட்டிருந்தேன் என்று சொல்வதில் பாதிப் பாதுகாப்புகூட இல்லை.

உள்ளே போனதும் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் இரும்பை மாற்றி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக ஆக்கிவிடுகிறது. உதடும் நகமும் நீலமாவது அதனால்தான். இது உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரையும் இதில் நம்பக் கூடாது, நிலைமை எவ்வளவு மோசமானாலும் அது 85 சதவீதத்தை ஒட்டியே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் வாக்கியமே 'அனிலின் பட்டது' என்று இருக்கட்டும். மெத்திலீன் புளூ என்ற ஊசி மருந்து இருக்கிறது, ஆனால் ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்களுக்கு அதுவே ஆபத்தாகலாம், அதை டாக்டர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

சிந்தினால் என்ன செய்வது? யாரையும் கேட்காமல், வெட்கப்படாமல், அந்த இடத்திலேயே உடையைக் கழற்ற வேண்டும், அப்புறம் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். 100 மில்லி தண்ணீரில் சுமார் 3.6 கிராம்தான் கரையும் என்பதால் சும்மா தண்ணீரை ஊற்றிவிட்டு வருவது போதாது. தோல் ஷூவில் ஊறியிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்லுங்கள். கையுறை பியூட்டைல் ரப்பரில் இருக்க வேண்டும், மெல்லிய லேடெக்ஸ் கையுறை இதற்கு ஆகாது. வேலை நாளில் மது கூடவே கூடாது, அது இந்த விஷத்தைக் கூட்டும். தீயும் கவனம்: 70 டிகிரிக்கு மேல் சூடானால் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி வரும், அது காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவும்.

புற்றுநோய் விஷயம். 1895-இல் லுட்விக் ரேன் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்து எழுதினார், பழி அனிலின்மேல் விழுந்தது. பின்னால் பார்த்தால் பென்சிடின், 2-நாப்தைலமைன் போன்ற, அனிலினுக்கு உறவுக்கார ரசாயனங்கள்தான் அதில் பெரிய குற்றவாளிகள். அதற்காக அனிலின் தப்பிவிடவில்லை, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 'அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது' என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. ஒருமுறை பட்டதற்காகத் தம்பி நடுங்க வேண்டாம். ஆனால் தினமும் இதே வேலை என்றால் ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனையை ஆலைச் செலவில் தொடர்ந்து செய்யச் சொல்லிக் கேட்கட்டும், போன வாரம் நடந்ததையும் விபத்துப் பதிவேட்டில் எழுத வைக்கட்டும்.