சீட் பெல்ட் கோளாறா? தள்ளிப்போடாதீர்கள் (வாசகர் கேள்வி–பதில்)

ஹைப்ரிட் கார் என்றாலே மைலேஜும் பேட்டரியும்தான் கேள்வியாக வரும். இந்த முறை சீட் பெல்ட் பற்றியே பலர் எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

கேள்வி: பழைய கார் சந்தையில் மாருதி கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட் வாங்கினோம். ஆர்.சி.யில் தயாரிப்பு 10/2022 என்று இருக்கிறது. பெல்ட்டுக்காக ரீகால் (குறையைச் சரிசெய்ய கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) வந்ததாக நண்பர் சொல்கிறார். எங்கள் வண்டிக்கும் உண்டா? (வாசகர், திருச்சி)

பதில்: உங்கள் நண்பர் சொன்னது சரி. பெல்ட்டுக்காக மட்டும் இரண்டு ரீகால் வந்தன. முதலாவது 2022 டிசம்பரில்: முன் சீட்டில் தோள் பக்கம் பெல்ட்டை ஏற்றி இறக்குகிற அமைப்பில் ஒரு சின்ன பாகத்தில் குறை. சியாஸ், பிரெஸ்ஸா, எர்டிகா, எக்ஸ்எல்6, கிராண்ட் விட்டாரா எல்லாம் சேர்த்து 9,125 வண்டிகள், அந்த நவம்பர் 2 முதல் 28 வரை தயாரானவை. அதில் உங்கள் வண்டி வராது. இரண்டாவதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். பின் சீட் பெல்ட்டை வண்டியின் பாடியோடு பிடித்திருக்கும் பிராக்கெட் நாளடைவில் தளர்ந்துவிடலாம் என்று 2023 ஜனவரியில் 11,177 கிராண்ட் விட்டாராக்களைத் திரும்ப அழைத்தார்கள். 2022 ஆகஸ்ட் 8 முதல் நவம்பர் 15 வரை தயாரானவை அவை, உங்களுடையது அந்தத் தேதிக்குள் இருக்கிறது. இதே வண்டியின் இன்னொரு வடிவமான டொயோட்டா ஹைரைடர் வைத்திருப்பவர்களும் பாருங்கள், அதற்கும் பெல்ட் ரீகால் வந்தது.

அறிவிப்பு வந்திருந்தாலும் பழைய உரிமையாளருக்குத்தான் போயிருக்கும், அவர் செய்தாரா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. சேசிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய், பிராக்கெட் மாற்றிய பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ரீகால் வேலைக்குக் காசு கிடையாது. ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் தரும் வேலைச் சீட்டு) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிராக்கெட்தானே என்று விடாதீர்கள்: 60 கிலோ எடையுள்ள ஒருவர் 50 கி.மீ. வேகத்தில் போய் அரை மீட்டருக்குள் நின்றால் பெல்ட் ஒரு டன்னுக்கு மேல் தாங்க வேண்டும், அந்தப் பாரம் கடைசியில் இறங்குவது அந்த பிராக்கெட்டிலும் போல்ட்டிலும்தான்.

கேள்வி: வீட்டு வாசல் சரிவு. அங்கே நிறுத்தினால் பெல்ட் பாதியிலேயே இறுகிவிடுகிறது, வெளியே இழுக்க முடிவதில்லை. கழற்றினால் முழுசாக உள்ளே போகாமல் தொங்கிக் கதவில் மாட்டுகிறது. இரண்டும் ஒரே கோளாறா? (வாசகி, குன்னூர்)

பதில்: இல்லை அம்மா, முதலாவது கோளாறே இல்லை. பெல்ட் சுருளுக்குள் ஒரு சின்ன குண்டு இருக்கும். வண்டி சடாரென்று நின்றாலோ நன்றாகச் சாய்ந்தாலோ அது நகர்ந்து பூட்டிவிடும். வேகமாக இழுத்தாலும் பூட்டும். கொஞ்சம் உள்ளே விட்டு, மெதுவாக ஒரே சீராக இழுங்கள், வந்துவிடும். சமதளத்தில், மெதுவாக இழுத்தும் பூட்டினால் மட்டும் காட்டுங்கள்.

தொங்குவதற்குப் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். தோள் பக்கம் பெல்ட் நுழைந்து வரும் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள், வியர்வையும் தூசியும் சேர்ந்து பிசுபிசுவென்று கறுப்பாக வரும். வளையத்தை ஈரத்துணியால் துடைத்து, பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பிடித்து, மிதமான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். ப்ளீச் வேண்டாம், இழை பலம் போய்விடும். சுருளுக்குள் எண்ணெய் விடவே கூடாது. கதவில் மாட்டி ஓரம் பிய்ந்திருந்தால் அப்புறம் துடைத்துப் பயனில்லை, பெல்ட்டையே மாற்ற வேண்டும்.

கேள்வி: பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் அலாரம் தொல்லை. அதை நிறுத்த பக்கிளில் ஒரு கிளிப் மாட்டிவிடலாமா? (வாசகர், சேலம்)

பதில்: வேண்டாம் சார். அந்தக் கிளிப்பை விற்றதற்காக 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் கடைகள் மீது உத்தரவு போட்டு, 13,118 விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. பெல்ட் போடாமல் ஏர்பேக் மட்டும் விரிந்தால் அதுவே முகத்தில் இடிக்கும்.

கேள்வி: முன்பக்கம் மோதி பம்பர் போய்விட்டது. அதிலிருந்து டிரைவர் பெல்ட் இழுத்தாலும் வரவில்லை, விட்டாலும் போகவில்லை, ஏர்பேக் விளக்கும் எரிகிறது. தெரிந்த மெக்கானிக் பழைய பெல்ட் ஒன்று வாங்கி மாட்டித் தருகிறேன் என்கிறார். (வாசகர், மதுரை)

பதில்: ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிரீடென்ஷனர் வெடித்திருக்கிறது. மோதும் நொடியில் சின்ன மருந்து வெடித்து பெல்ட்டை இறுக்குகிற அமைப்பு அது, ஒரே முறைதான் வேலை செய்யும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய பெல்ட் என்ன பட்டு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் கழற்றுவதும் சாதாரண வேலை இல்லை: மஞ்சள் கனெக்டர் என்றால் ஏர்பேக், பிரீடென்ஷனர் சம்பந்தப்பட்டது, ஆரஞ்சு வயர் என்றால் ஹைப்ரிட் பேட்டரியின் உயர் மின்னழுத்தம். இரண்டிலும் பயிற்சி இல்லாதவர் கை வைக்கக் கூடாது. முழு இன்ஷூரன்ஸ் இருந்தால், சர்வேயர் வரும்போதே பம்பரோடு பெல்ட்டையும் பக்கிளையும் காட்டிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பில் முடிந்த பிறகு சேர்ப்பது பெரும் பாடு.