சீ, லுக் அட், வாட்ச்: என்ன வித்தியாசம்?

பாம்பனில் டூரிஸ்ட் கைடு வேலை பழகும் தம்பி, இந்த ஆங்கில வார்த்தைகள் மூன்றுக்குமே பார்ப்பது என்றுதானே அர்த்தம் என்று கேட்டிருக்கிறார். இல்லை தம்பி. சாலைப் பாலத்தில் பஸ் போகும்போது கடல் தானாகக் கண்ணில் படுகிறதே, அது சீ. ரயில் பாலத்தைக் காட்டி "அங்கே பாருங்க" என்றால் லுக் அட். 2025-இல் திறந்த புதுப் பாலத்தின் நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட மெல்ல மேலே ஏறுவதைக் கடைசிவரை நின்று பார்த்தால் வாட்ச், அதாவது அசைகிற, மாறுகிற விஷயத்துக்கு. "ஐ ஆம் சீயிங் எ போட்" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வது தப்பு, "ஐ கேன் சீ எ போட்" தான் சரி. ஆளைக் காட்டி "ஐ ஆம் சீயிங் ஹெர்" என்றால் காதலிக்கிறேன் என்று ஆகிவிடும், ஜாக்கிரதை! அப்புறம் லுக் ஃபார் என்றால் தேடுவது, லுக் ஆஃப்டர் என்றால் கவனித்துக்கொள்வது.