ஃபோர்சைட் உடைந்த ரிவால்வரை நண்பனின் லேத் பட்டறையில் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. அவர் பெயரில் லைசென்ஸ் உள்ள .32 ரிவால்வர் ஒன்று இருக்கிறது. போன மாதம் துடைத்துக்கொண்டிருந்தபோது கை நழுவி சிமென்ட் தரையில் விழுந்துவிட்டது. குழல் நுனியில் மேலே நிற்கும், குறிபார்க்க உதவும் ஃபோர்சைட் பாதி உடைந்து மீதி வளைந்துவிட்டது, மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பன், "ரெண்டு நாள் விட்டுட்டுப் போ, புதுசா கடைஞ்சு பத்த வெச்சுத் தர்றேன்" என்கிறான். வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் இதே மாதிரி பாகம் விற்பதையும் பார்த்தேன். அப்பாவால் இப்போது அதிகம் நடக்க முடியாது, எங்கே கொடுப்பதாக இருந்தாலும் நான்தான் எடுத்துப் போக வேண்டும். என் பெயரில் லைசென்ஸ் இல்லை. இதில் சட்டச் சிக்கல் ஏதாவது உண்டா?

பதில்: நண்பரிடம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டுத்தான் எனக்கு எழுதுகிறீர்கள் என்றால் (அப்படி எழுதுகிறவர்கள் உண்டு) மேலே படிப்பதை நிறுத்திவிட்டு, அப்பாவையும் லைசென்ஸையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.

உங்கள் நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை. பழுதுபார்க்கக் கூடாது, சோதித்துப் பார்க்கக் கூடாது, பழுதுபார்ப்பதற்காகக் கையில் வைத்திருக்கவும் கூடாது என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. கூலி வாங்கினால்தான் குற்றம் என்று அதில் இல்லை. பெரிய பழுது, சின்னப் பழுது என்ற பிரிவும் இல்லை. இதை மீறினால் 25(1)ஆவது பிரிவு வருகிறது. 2019இல் நடந்த திருத்தத்துக்குப் பிறகு அதில் குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கள்ளத் துப்பாக்கி செய்கிறவர்களை மனதில் வைத்துக் கூட்டிய தண்டனைதான். ஆனாலும் பிரிவின் வாசகம் நண்பருக்கு உதவி செய்கிற லேத்காரரையும் சேர்த்துத்தான் பிடிக்கும். நீதிமன்றத்தில் "இது வெறும் நகக்கண் அளவு இரும்புத் துண்டு" என்று வாதாடலாம், நானே வாதாடுவேன், ஆனால் அதற்குள் எத்தனை மாதம் போயிருக்கும் என்று யோசியுங்கள்.

இதில் அப்பாவும் மாட்டுவார், பலர் கவனிக்காத இடம் அதுதான். வாங்குகிறவருக்கு ஆயுதம் வைத்திருக்க உரிமை உண்டா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளாமல் அவர் கையில் ஆயுதத்தைக் கொடுப்பது 29ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். லைசென்ஸ் நிபந்தனையை மீறியதாக 30ஆவது பிரிவும் கூடவே வரலாம். இந்த இரண்டிலும் சிறைக்காலம் குறைவு, ஆறு மாதம் வரைதான். ஆனால் வழக்கு என்று ஒன்று வந்தால் லைசென்ஸை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ ஆட்சியருக்கு, மாநகரமாக இருந்தால் காவல் ஆணையருக்கு, காரணம் கிடைத்துவிடும். 71 வயதில் ரத்தான லைசென்ஸைத் திரும்ப வாங்க அலைவது உங்கள் அப்பாவுக்குத் தேவையா?

சரி, நீங்கள் எடுத்துப் போகலாமா? போகலாம், அதற்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது. 3ஆவது பிரிவில் ஒரு வரம்புரை (விதிவிலக்கு) இருக்கிறது: லைசென்ஸ்தாரரின் முன்னிலையிலோ அவருடைய எழுத்துபூர்வ அனுமதியுடனோ, பழுதுபார்ப்பதற்காகவோ லைசென்ஸைப் புதுப்பிப்பதற்காகவோ, லைசென்ஸ் இல்லாத ஒருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். உங்கள் வீட்டு நிலைமைக்கென்றே எழுதியது போல இருக்கிறது, இல்லையா? ஆனால் "அப்பாதான் சொன்னார் சார்" என்பது எழுத்துபூர்வ அனுமதி ஆகாது. ஒரு வெள்ளைத் தாளில் அப்பா தன் பெயர், லைசென்ஸ் எண், துப்பாக்கியின் வகை, அதன் மேல் பொறித்திருக்கும் எண், உங்கள் பெயர், எந்தக் கடைக்கு எந்தத் தேதியில் எதற்காக எடுத்துப் போகிறீர்கள் என்பதை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அசல் லைசென்ஸும் உங்கள் அடையாள அட்டையும் கூடவே இருக்கட்டும், ஏனென்றால் ஆயுதம் எடுத்துச் செல்கிற யாரிடமும் காவல் அதிகாரி லைசென்ஸைக் கேட்கலாம் என்கிறது 19ஆவது பிரிவு. குண்டு ஒன்றுகூட வேண்டாம், பழுதானது துப்பாக்கிதானே. நேராகக் கடை, நேராக வீடு, நடுவில் கல்யாண வீடு ஓட்டல் என்று எங்கும் நிற்காதீர்கள், ஏனென்றால் அனுமதி பழுதுபார்ப்புக்கு மட்டும்தான். உங்களுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேள்வியில் உங்கள் வயது இல்லை. கடை வேறு மாநிலத்தில் என்றால் லைசென்ஸ் எந்த எல்லை வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைப்பது பற்றி. இணையத்தில் யாரோ ஒருவர் "சின்ன பாகங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம், 45ஆவது பிரிவில் விலக்கு இருக்கு" என்று எழுதியிருப்பார், நீங்களும் படித்திருப்பீர்கள். விலக்கு இருப்பது உண்மை. ஆனால் முழு வாக்கியத்தையும் படிக்க வேண்டும். தன்னிடமோ வேறு யாரிடமோ உள்ள மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத சிறு பாகங்களுக்குத்தான் அந்த விலக்கு. நீங்கள் ஃபோர்சைட்டை வாங்குவதே அப்பாவின் ரிவால்வரில் மாட்டத்தான், ஷோகேஸில் வைக்க இல்லை! ஆக அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. அதோடு "ஆயுதம்" என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே ஆயுதத்தின் பாகங்களும் அடங்கும், ஆயுத இறக்குமதிக்கு 10ஆவது பிரிவு தனி உரிமம் கேட்கிறது. சுங்கத்தில் பொட்டலத்தைப் பிரிக்கிற அதிகாரி இதையெல்லாம் உட்கார்ந்து உங்களோடு விவாதிக்க மாட்டார். பாகம் வேண்டும் என்றால் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை மூலமாக, ரசீதோடு, அங்கேயே பொருத்தும்படி வாங்குங்கள்.

நாமே வீட்டில் செய்துகொள்ளலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். துடைப்பது, எண்ணெய் போடுவது பழுதுபார்ப்பு ஆகாது, தளர்ந்த திருகை முறுக்கியதற்காக யார் மீதும் வழக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. அரம் எடுத்து ராவுவது, சூடு வைத்துப் பற்றவைப்பது வேறு. ஏன் என்றால் ரிவால்வர்களில் ஃபோர்சைட் ஒரே மாதிரி இருக்காது: சிலவற்றில் சின்ன ஊசி அடித்து நிறுத்தியிருப்பார்கள், சிலவற்றில் குழலோடு சேர்த்தே ஒரே இரும்பில் கடைந்திருப்பார்கள். முதல் வகையில் ஊசியைத் தட்டி எடுத்துப் புதுசு போட்டுவிடலாம், தெரிந்தவருக்குச் சின்ன வேலை. இரண்டாவது வகையில் குழலிலேயே கைவைக்க வேண்டும், சில சமயம் குழலையே மாற்ற வேண்டும். அந்தக் குழலின் மேல் தயாரிப்பாளர் பெயரோ எண்ணோ சோதனை முத்திரையோ இருக்கலாம். அடையாளக் குறியை அழிப்பதோ மாற்றுவதோ 8ஆவது பிரிவின்படி குற்றம், அதைவிடக் கொடுமை, அழிந்த எண்ணோடு துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அழித்தார் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில். பற்றவைத்த பிறகு "பளபளன்னு இருக்கட்டும்" என்று நண்பர் மேலெல்லாம் பாலிஷ் போட்டுத் தந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் கடையில் கொடுக்கும்போது இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். முதலில், கொடுக்கும் முன்பே எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்து, எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கடையின் பழுதுபார்ப்பு உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள் (விற்க உரிமம் இருந்தால் பழுதுபார்க்கவும் இருக்கும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்). அப்புறம், ரசீது. அதில் துப்பாக்கி எண், வந்த நிலை, என்ன வேலை, குழலை மாற்றினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், எப்போது திரும்பக் கிடைக்கும் எல்லாம் இருக்க வேண்டும். துப்பாக்கி வீட்டில் இல்லாத நாட்களில் காவல் நிலையத்திலிருந்து ஆய்வுக்கு வந்தாலோ, தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னாலோ, காட்டுவதற்கு உங்களிடம் இருக்கிற ஒரே காகிதம் அதுதான். குழலை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் வேலை தொடங்கும் முன் உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கு அப்பா பெயரில் ஒரு கடிதம் எழுதி ஒப்புகை வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் சுட்டுப் பார்த்துத் தந்தார்களா என்று கேளுங்கள். குறிபார்க்க உதவும் ஃபோர்சைட்டுக்கும் பின்னால் இருக்கும் அதன் ஜோடிக்கும் இடையே 10 செ.மீ. தூரம் உள்ள ரிவால்வரில் ஃபோர்சைட் 1 மி.மீ. பக்கவாட்டில் தள்ளி நின்றால் 10 மீட்டர் தொலைவில் குண்டு 10 செ.மீ. தள்ளிப் போகும். உயரம் குறைந்தால் குண்டு மேலே ஏறும். இதை நீங்கள் வீட்டு மாடியில் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

கடைக்காரரே கெடுத்துவிட்டால்? ஒப்படைத்த பொருளைத் தன் பொருளைப் போல ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளும் கடமை அவருக்கு 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவின்படி உண்டு, சேவைக் குறைபாடு என்று இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் ஒழுங்காக வேலை செய்து முடித்தவருக்குப் பேசிய கூலியைக் கொடுக்காமல் துப்பாக்கியைக் கேட்டு அவரிடம் சண்டை போடாதீர்கள், கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்க அதே சட்டத்தின் 170ஆவது பிரிவு அவருக்கு உரிமை தருகிறது.

கிளம்பும் முன் லைசென்ஸின் கடைசித் தேதியை ஒருமுறை பாருங்கள். "உடைஞ்சதுதானே, ரெடியாகி வந்த பிறகு ரினிவல் பண்ணிக்கலாம்" என்று விட்டுவைப்பவர்கள் நிறைய. பழுதுபார்த்தாலும் பயன்படுத்த முடியாத அளவுக்குப் பாழான துப்பாக்கிக்குத்தான் ஆயுதச் சட்டத்தில் விலக்கு. உங்கள் அப்பாவுடையது ஃபோர்சைட் இல்லாமலும் சுடும், எனவே தேதி முடிந்திருந்தால் கடைக்குப் போகும் முன் அப்பாவின் கையெழுத்தோடு போக வேண்டிய முதல் இடம் புதுப்பிக்கும் அலுவலகம்.