95,000 ரூபாய் லேப்டாப் வாங்கினால் எக்செல் வேகமாகுமா?

கேள்வி: ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கும் சில திருப்பூர் நிறுவனங்களுக்கு, ஆர்டர் பட்டியலையும் செட்டில்மென்ட் தொகையையும் (விற்பனைத் தளம் அனுப்பும் பணம்) ஒத்துப்பார்த்துத் தரும் வேலையை வீட்டிலிருந்து செய்கிறேன். ஒரு கோப்பில் 3 லட்சம் வரிசை வரை வரும். 2019-ல் வாங்கிய லேப்டாப் (ஐ5 8250யு, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி) விலுக்கப் (ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடி எடுக்கும் எக்செல் சூத்திரம்) போட்டதும் பத்து நிமிடம் உறைந்துவிடுகிறது. கடையில் ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டு உள்ள 95,000 ரூபாய் லேப்டாப்பைக் காட்டினார்கள். 40,000 ரொக்கம், மீதி கிரெடிட் கார்டில் 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ. ஜி.எஸ்.டி. திரும்ப வரும், வருமான வரியிலும் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மாத வருமானம் 45,000, வீட்டுச் செலவு 28,000, சேமிப்பு 1,10,000. வாங்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இந்த லேப்டாப்பை வாங்க வேண்டாம். உங்கள் வேலைக்கு 60,000 ரூபாய்க்கு மேல் தேவையில்லை. அதையும் இந்த மாதமே செலவழிக்க வேண்டாம்.

முதலில் பணக் கணக்கு. உங்களுடையது நிலையான சம்பளம் அல்ல. ஒரு வாடிக்கையாளர் விலகினாலே வருமானம் குறையும். மூன்று மாத வீட்டுச் செலவான 84,000 ரூபாய் அவசர நிதியாக வங்கியில் இருந்தே ஆகவேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதைக் கழித்தால் கையில் 26,000 மிஞ்சுகிறது. மாதம் 17,000 மீதமாகிறது என்பதால் இரண்டு மாதம் பொறுத்தால் 60,000 சேர்ந்துவிடும். தவணையே தேவைப்படாது.

கடையில் சொன்ன இரண்டு சலுகைகளும் உங்களுக்குப் பொருந்தாது. 95,000-க்குள் 18% ஜி.எஸ்.டி.யாகச் சுமார் 14,500 ரூபாய் இருக்கிறது. அதை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்டவேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, எடுக்க நீங்கள் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 5,40,000 வரவுள்ள சேவைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பதிவு இல்லையென்றால் அந்த 14,500-ம் உங்கள் செலவுதான். வருமான வரியில் கணினிக்கு 40% தேய்மானம் (பொருளின் மதிப்புக் குறைவைச் செலவாகக் கழிப்பது) உண்டு என்பது உண்மை. ஆனால் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்குத் தள்ளுபடி போக வரியே வராது. கட்ட வேண்டிய வரி பூஜ்யமாக இருக்கும்போது தேய்மானத்தால் மிச்சமாக எதுவும் இல்லை.

நோ காஸ்ட் தவணையிலும் வட்டி உண்டு; அதைத் தள்ளுபடியாகக் காட்டிச் சரிக்கட்டுகிறார்கள். 55,000 ரூபாய், 12 மாதம், ஆண்டு வட்டி 16% என்று வைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் வட்டி சுமார் 4,500. அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி., அதாவது 800 ரூபாய் சொச்சம், உங்கள் கார்டு பில்லில் வரும். பிராசசிங் கட்டணம் தனி. எந்த லேப்டாப்பையும் முழுத் தொகை கட்டி வாங்கும்போது இதுபோன்ற தள்ளுபடியைக் கேளுங்கள்.

இனி, லேப்டாப் எங்கே திணறுகிறது என்று பாருங்கள். விலுக்கப் ஓடும்போது கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் 100-ஐத் தொட்டால் ரேம் போதவில்லை. சிபியு (புராசஸர்) முழுவதும் 100 என்றால் சூத்திரங்களின் சுமை. சிபியு 12–13 சதவீதத்திலேயே நின்றால் ‘சும்மாதான் இருக்கிறது’ என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் புராசஸரில் 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்). அதில் ஒன்று மட்டும் முழு மூச்சில் ஓடினால் 12.5% காட்டும். மேக்ரோ (எக்செல் வேலையைத் தானாகச் செய்ய எழுதிய நிரல்) ஒற்றை த்ரெட்டில்தான் ஓடும் என்பதால் அங்கே கூடுதல் கோர் (புராசஸரின் கணக்கிடும் பகுதி) வாங்கிப் பயனில்லை.

உங்கள் விஷயத்தில் கோப்பின் மீதுதான் எனக்குச் சந்தேகம் அதிகம். பழைய எக்செல் பதிப்புகளில், சரியான பொருத்தம் கேட்கும் விலுக்கப், வரிசைப்படுத்தாத பட்டியலை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. 3 லட்சம் வரிசை, ஒவ்வொன்றும் 2 லட்சம் வரிசையில் தேடுகிறது என்றால் சராசரியாக 3,000 கோடி ஒப்பீடுகள். செட்டில்மென்ட் இன்னும் வராத ஆர்டர் இருக்கிறதே, அது பட்டியலின் கடைசிவரை போய்த்தான் ‘இல்லை’ என்று திரும்பும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்தக் கணக்கு குறையாது.

இதற்கு எக்செல் 2016 முதல் உள்ளேயே இருக்கும் பவர் குவெரி என்ற தரவு இணைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். டேட்டா பட்டியில் கெட் டேட்டா வழியாக இரண்டு கோப்புகளையும் ஏற்றி, மெர்ஜ் கொடுத்து, ஆர்டர் எண்ணைப் பொதுப் பத்தியாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் அந்தப் பத்தி டெக்ஸ்ட்டாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் எண்ணாக இருந்தால் பொருந்தாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) கோப்பை நேரடியாக இருமுறை சொடுக்கித் திறந்தால், வெறும் இலக்கங்களால் ஆன நீண்ட ஆர்டர் எண்ணில் 16-வது இலக்கம் முதல் பூஜ்யமாகிவிடும். வேறு வேறு ஆர்டர்கள் ஒன்றாகத் தெரியும். வாடிக்கையாளருக்குத் தவறான பாக்கி காட்டுவீர்கள்.

பழைய கோப்புகளை எக்ஸ்எல்எஸ்பி (எக்செலின் பைனரி கோப்பு) வகையில் சேமித்துப் பாருங்கள். வழக்கமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பது சுருக்கிக் கட்டிய எக்ஸ்எம்எல்; அதைப் பிரித்துப் படிப்பது புராசஸரின் வேலை, ஆகவே விலை உயர்ந்த எஸ்எஸ்டி அங்கே பெரிதாக உதவாது. ஆஃப்செட், இன்டைரக்ட் சூத்திரங்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். எந்தக் கட்டத்தைத் திருத்தினாலும் அவை மறுபடி கணக்கிடும். கணக்கீட்டை மேனுவலில் வைத்து எஃப்9 அழுத்தும் வழியும் இருக்கிறது. மறந்தால் பழைய கூட்டுத்தொகையையே அனுப்பிவிடுவீர்கள். கீழ்ப் பட்டையில் ‘கால்குலேட்’ என்று தெரிகிறதா என்று பார்க்காமல் கோப்பை மூடாதீர்கள்.

ஃபைல், அக்கவுன்ட், அபவுட் எக்செல் போய் 32 பிட்டா 64 பிட்டா என்றும் பாருங்கள். 32 பிட் எக்செல் குறிப்பிட்ட எல்லைக்கு மேல் ரேமைத் தொடவே முடியாது. அப்படியிருந்தால் நீக்கிவிட்டு 64 பிட் போடுங்கள். சில பழைய மேக்ரோக்களைத் திருத்த வேண்டி வரலாம்.

இந்த இரண்டு மாதத்தில் இவற்றைச் செய்தபிறகும் திணறல் இருந்தால் லேப்டாப் வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் கார்டு எக்செல் சூத்திரம் எதையும் கணக்கிடாது. உங்களுக்கு அது வெறும் விலையும் எடையும்தான். கொடுக்கும் பணம் புராசஸருக்கும் ரேமுக்கும் போகட்டும்.

‘ஐ5’, ‘ரைசன் 5’ என்ற பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். ரைசன் 5 7520யு நான்கு கோர், பழைய ஜென் 2 வடிவமைப்பு. 7530யு ஆறு கோர், ஜென் 3. பெயரில் ஓர் இலக்கம்தான் வேறு, வேலையில் பெரிய வித்தியாசம். இன்டெலில் ஐ5 1334யு-வில் வேகமான கோர் 2, 13420எச்-ல் 4. நீண்ட கணக்கீட்டுக்குப் பெயர் எச்-ல் முடியும் வகையே நல்லது. பேட்டரி சற்றுச் சீக்கிரம் தீரும், வீட்டில் சார்ஜரோடு வேலை செய்பவருக்கு அது குறையல்ல.

ரேம் 16 ஜிபி வேண்டும். 8 ஜிபி போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறதா, கூடுதலாகப் போட ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்லாட்டே இல்லாத 8 ஜிபி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறியிருப்பதால், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளாமல் 16 ஜிபியோடு வருவதையும் விலை கேட்டு ஒப்பிடுங்கள். எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். விலை 60,000-ஐத் தாண்டினால் ஒரு தலைமுறை பழைய புராசஸரை எடுங்கள், உலோக உடலையும் நிறத் துல்லியத் திரையையும் விடுங்கள், ரேமைக் குறைக்காதீர்கள். தனி நம்பர் பேட் உள்ள 15.6 அங்குலம் உங்களுக்குத் தோதாக இருக்கும். 1920×1200 திரை கிடைத்தால், 1080 திரையைவிட 100% அளவில் 6 வரிசை கூடுதலாகத் தெரியும்.

கூடவே தரும் ஆஃபீஸின் பெயரையும் படியுங்கள். ‘ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021’ தொழில் பயன்பாட்டுக்கு உரிமம் பெற்றதல்ல. ஓராண்டுச் சந்தா என்றால் அடுத்த ஆண்டுக் கட்டணத்தையும் இந்த 60,000-க்குள் சேர்த்தே எண்ணுங்கள்.

வாங்கும் முன், பெயரும் ஃபோன் எண்ணும் நீக்கிய உங்கள் கோப்பின் நகலைப் பென்டிரைவில் கொண்டுபோய், எக்செல் இயங்கும் லேப்டாப்பில் கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்9 அழுத்தி நேரம் பாருங்கள். சார்ஜர் மாட்டியே சோதியுங்கள். பேட்டரியில் பல லேப்டாப்புகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பில்லில் முழு மாடல் எண், சீரியல் எண் இரண்டும் இருக்கட்டும். ஒரே பெயரில் வெவ்வேறு ரேம், வெவ்வேறு புராசஸர் வருவது வழக்கம். பணத்தை வங்கி வழியாகவே கட்டுங்கள். பிற்காலத்தில் வருமானம் உயர்ந்து தேய்மானம் கோரும்போது, ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகை சொத்தின் விலையில் சேராது.

பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானால், வாடிக்கையாளர் கோப்புகளை அழித்தால் மட்டும் போதாது. ‘ரீசெட் திஸ் பிசி’யில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ தேர்ந்தெடுத்து, அதிலுள்ள ‘கிளீன் டேட்டா’வையும் இயக்கி முடித்தபிறகே கடைக்குக் கொண்டுபோங்கள்.