அந்த நாலு மணி டீயையும் சொல்லிவிடுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 42 வயது. தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலிலேயே காலை இட்லிக் கடை போடுகிறேன். பித்தப்பையில் கல் இருக்கிறது, லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம் என்று ஸ்டான்லியில் அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு பிள்ளைகளும் சுகப்பிரசவம். தியேட்டர் பக்கமே போனதில்லை. கத்தியைக்கூடத் தாங்கிக்கொள்வேன், முழு மயக்கம் என்றதும்தான் கை கால் உதறுகிறது. ‘மயக்க ஊசி போட்டப்புறம் எழுந்தா அது நம்ம அதிர்ஷ்டம்’ என்கிறார் மாமியார். முதுகில் ஊசி போட்டுச் செய்யக் கூடாதா? தாலியைக் கழற்றச் சொல்வார்களாமே? எத்தனை நாளில் கடை போடலாம்? இன்னொன்று, பதினைந்து வருடமாக வெற்றிலை பாக்கோடு புகையிலையும் போடுகிறேன். புகையிலை விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதை டாக்டரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?
பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை.

பதில்: அன்புத் தங்கைக்கு, கடைசியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆமாம், சொல்லித்தான் ஆக வேண்டும். ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் சொல்லாவிட்டாலும் மயக்க டாக்டரிடம் சொல்லியே தீர வேண்டும். தியேட்டர் நர்ஸாகப் பல வருடம் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். கண்ணாடி முன்னால் நின்று வாயை முழுசாகத் திறந்து, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். நுழைகிறதா? ‘ஃபிட்னஸ்’ வாங்க அனுப்பும் நாளில் மயக்க டாக்டர் உங்களைச் செய்யச் சொல்லும் முதல் வேலைகளில் இதுவும் ஒன்று. பல வருடம் பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் இறுகி, வாய் திறப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அவர்களுக்கே தெரியாது, ‘முன்ன மாதிரி பெரிய உருண்டையா சாப்பிட முடியல’ என்பார்கள், அவ்வளவுதான். நீங்கள் தூங்கியபிறகு உங்கள் வாய் வழியாகத்தான் மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் வைக்கப்போகிறார்கள். வாய் திறக்காது என்று முன்கூட்டியே தெரிந்தால் மூக்கு வழியாக மெல்லிய கேமரா டியூப்பை விட்டு நிதானமாகச் செய்துவிடுவார்கள். தூங்க வைத்தபிறகு தெரிந்தால் அந்த அறையில் எல்லோருக்கும் வியர்த்துவிடும். மூன்று விரல் நுழையாவிட்டால் அதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு ஏதாவது தெரிந்தால் பல் டாக்டரிடமும் ஒரு நடை போய்வாருங்கள். புகையிலையையும் பாக்கையும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள், நல்ல நாள் பார்க்க வேண்டாம்.

அடுத்து மாமியார் சொன்னது. ஒரு ஊசி போட்டு நம்மைத் தூக்கத்தில் தள்ளிவிடுவார்கள், அப்புறம் எழுவது கடவுள் விட்ட வழி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே நடப்பதே வேறு. முதலில் கை நரம்பில் ஏற்றும் மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், பெயர் புரோபோஃபால். ஏறும்போது கையில் சுரீரென்று கொஞ்சம் எரியலாம். ஒரு நிமிடத்துக்குள் தூங்கிவிடுவீர்கள். ஆனால் அந்த ஒரு டோஸ் தாங்குவது ஐந்து பத்து நிமிடம்தான். அதற்குமேல் உங்களைத் தூங்க வைத்திருக்க வேண்டுமானால், ஆபரேஷன் முடிகிறவரை மூச்சோடு மயக்க வாயுவைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் தானாகவே முழிப்பு வரும். அடுப்பை அணைத்தால் கொப்பரையில் ஆவி அடங்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தசைகளைத் தளர்த்தக் கொடுத்த மருந்துக்கும் முடிவில் மாற்று மருந்து கொடுத்து, நீங்களாக மூச்சு விடுகிறீர்களா என்று பார்த்த பிறகுதான் டியூப்பை எடுப்பார்கள். இந்த நேரம் முழுவதும் மயக்க டாக்டர் உங்கள் தலைமாட்டில்தான் இருப்பார். சர்ஜன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எந்த மயக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. உங்கள் வயதில், சுகர் கட்டுக்குள் இருக்கிறவருக்கு, முன்கூட்டியே தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷனில் அது மிக மிக அரிது. பாதியில் முழிப்பு வந்துவிடுமோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2014இல் வந்தது. அப்படி முழிப்பு வந்ததாக நோயாளிகள் சொன்னது சுமார் 19,000 மயக்கத்துக்கு ஒன்று. உங்கள் அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது மயக்கத்தின்போது ஜுரம் ஏறியது, எழ ரொம்ப நேரம் ஆனது என்று பழைய கதை இருந்தால் வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில மருந்துகள் சில குடும்பங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. டாக்டர் அதற்கேற்ப மருந்தை மாற்றிக்கொள்வார்.

முதுகு ஊசி ஏன் இல்லை என்றால், லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னச் சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுச் செய்வதில், கரியமில வாயுவை அடைத்து வயிற்றைப் பலூன் மாதிரி உப்பவைத்துத்தான் வேலை செய்வார்கள். முழித்திருந்தால் மூச்சுத் திணறுகிற மாதிரி இருக்கும், தோள்பட்டை வலிக்கும். முதுகு ஊசியில் செய்பவர்களும் உண்டு, ஆனால் பொதுவாக இதற்கு முழு மயக்கம்தான்.

இனி வெறும் வயிறு. ஸ்டான்லிக்கு நம் பக்கத்துப் பெரியவர்கள் வைத்த பெயர் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி. 1782இல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. அங்கே நீங்கள் போகும்போது வயிற்றில் ஒரு பருக்கை இருக்கக் கூடாது! மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடும். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பொதுவான கணக்கு இது: இட்லி போன்ற எளிய சாப்பாட்டுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், பிரியாணி, பரோட்டா, கறிக்கெல்லாம் 8 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். உங்கள் வார்டில் ராத்திரி பன்னிரண்டுக்குமேல் எதுவுமே கூடாது என்று சொன்னாலும் சொல்வார்கள், ஏனென்றால் லிஸ்ட் முன்னே பின்னே மாறும். அவர்கள் சொல்வதுதான் உங்களுக்குச் சட்டம். தண்ணீர் மட்டும் எத்தனை மணி வரை என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சுகர்காரர் என்பதால் லிஸ்டில் முதலில் போடச் சொல்லியும் கேட்கலாம்.

டீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு மாவு கரைக்கிறவர் டீ குடிக்காமல் இருந்திருப்பீர்களா? பால் டீ டீ அல்ல, மயக்கக் கணக்கில் அது சாப்பாடு. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பெரியவர் தியேட்டர் வாசல் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். மூன்று பேர் கேட்டோம், மூன்று பேரிடமும் ‘பச்சத் தண்ணி படல’ என்றார். போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோது அவர் மீசையிலிருந்து ஏலக்காய் வாசனை வந்தது. ‘அரை கிளாஸ்தாம்மா’ என்றார். ஆபரேஷன் மதியத்துக்குத் தள்ளிப் போனது, அவர் மகன் வராந்தாவில் நின்று எங்களைத் திட்டினான். திட்டிவிட்டுப் போகட்டும். தெரியாமல் ஒரு வாய் குடித்துவிட்டால் நீங்களும் சொல்லிவிடுங்கள். போனால் அரை நாள் போகும், அவ்வளவுதான்.

மாத்திரைகளை அட்டையோடு பையில் போட்டு எடுத்துப்போங்கள். சுகர் மாத்திரையை ஆபரேஷன் அன்று காலை பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை என்றால் மூன்று நான்கு நாள் முன்பே நிறுத்த வேண்டிவரும், வெறும் வயிற்றோடு சேர்ந்து ரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிடும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், கேட்டு நிறுத்துங்கள். கல் கரைய யாராவது கொடுத்த கஷாயம், சூரணம் இருந்தால் அதுவும் பட்டியலில் வர வேண்டும். ஆடும் பல் இருந்தாலும்தான். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, இத்தனை வருடம் தியேட்டரில் நின்ற நானே, முன்பல் ஒன்று ஆடுவதைச் சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். மயக்க டாக்டர் விரலால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு, அதில் வந்து நின்று, என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

தாலியைக் கழற்றச் சொல்வார்கள். தங்கம், மெட்டி, மூக்குத்தி எல்லாமே. கரண்டில் ரத்தம் நிறுத்தும் கருவியை உபயோகிக்கும்போது உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடலாம். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக் கையில் போட்டுக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நாங்கள் தடுத்ததில்லை. நீங்களும் வார்டு சிஸ்டரிடம் கேட்டுவிடுங்கள். நகைகளை வீட்டிலேயே பூட்டிவிட்டு வருவது நல்லது. மூக்குத்தித் திருகு இறுகியிருக்கும், முந்தின நாளே சோப்பு போட்டுக் கழற்றுங்கள். நகப்பூச்சு வேண்டாம், விரலில் மாட்டும் கிளிப் ஆக்சிஜனைச் சரியாகக் காட்டாது. வயிற்று முடியை வீட்டில் பிளேடு வைத்து மழிக்காதீர்கள், கீறல் விழுந்தால் சீழ் பிடிக்கும்.

சம்மதத் தாளில் ‘தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து செய்வோம்’ என்று ஒரு வரி இருக்கும். பயப்படாதீர்கள். பித்தப்பை பக்கத்தில் ஒட்டியிருந்தாலோ ரத்தம் கசிந்தாலோ திறந்து செய்வதுதான் பத்திரம்.

முழிக்கும்போது யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், ‘கண்ணைத் திறங்கம்மா’ என்பார்கள். நடுங்கும், வாய் வறளும், குமட்டலாம், டியூப் இருந்த தொண்டை ஒன்றிரண்டு நாள் கரகரக்கும். நீங்கள் பதில் சொல்லியிருப்பீர்கள், பிற்பாடு நினைவே இருக்காது. உளறினால் கேலி செய்யக் கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது, சீட்டு ஏலம் கேட்கவும் கூடாது.

வயிற்றைவிட வலது தோள்பட்டை வலித்தால் ‘படுக்க வெச்ச விதத்துல சுளுக்கிடுச்சு’ என்று நினைத்துத் தைலம் தேய்க்க வேண்டாம். உள்ளே மிச்சம் நிற்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசையைச் சீண்டும், அந்த வலி தோளில் தெரியும். இரண்டு மூன்று நாளில் அடங்கும். அன்று சாயங்காலமே எழுப்பி நடக்கச் சொல்வார்கள், முனகிக்கொண்டாவது நடங்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும், மலமும் இறங்காது. மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தால் ஒரு விஷயம் கவனியுங்கள்: அதை ஊதக் கூடாது, இளநீர் குடிக்கிற மாதிரி உறிஞ்ச வேண்டும். பத்தில் எட்டுப் பேர் ஊதுவார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு. இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்து இருமுங்கள். டி.எச். ரோட்டில் ஆட்டோவில் வீடு திரும்பும்போதும் அந்தத் தலையணை மடியில் இருக்கட்டும், எதற்கு என்று முதல் பள்ளத்திலேயே புரியும்.

சாப்பாட்டில், மீன் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று யாராவது பத்தியம் போடுவார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். டாக்டர் வழக்கமான சாப்பாட்டுக்கு அனுமதித்தபிறகு காசிமேட்டு மீனை எண்ணெய் மிதக்காமல் குழம்பு வைத்துச் சாப்பிடலாம். பித்தப்பை இல்லாத வயிறு முதல் சில வாரம் எண்ணெய்க்கு முரண்டு பிடிக்கலாம், சிலருக்கு வயிற்றாலை போகும். பிறகு பழகிக்கொள்ளும்.

ஜுரம், குறைவதற்குப் பதில் ஏறுகிற வயிற்று வலி, நிற்காத வாந்தி, கண்ணில் மஞ்சள், காயத்தில் சீழ், கெண்டைக்கால் வீக்கம், மூச்சு முட்டல் இதில் எது வந்தாலும் ரிவியூ தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூச்சு முட்டினால் 108ஐக் கூப்பிடுங்கள்.

கடைக்கு வருவோம். ஓட்டை போட்டு முடிந்துவிட்டால், ஒன்றிரண்டு வாரத்தில் கல்லாவில் உட்காரலாம், சட்னி தாளிக்கலாம். ஆனால் தண்ணீர்க் குடம், மாவு குண்டான், இட்லிக் கொப்பரை, கிரைண்டர் கல் இவற்றை ஒரு மாதமாவது தொடாதீர்கள், சர்ஜன் இன்னும் கூடச் சொன்னால் அதைக் கேளுங்கள். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் ஆறு வாரத்துக்குமேல் ஆகும். லாரித் தண்ணீர் பிடிக்க யார் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். பிறகு பேசினால் நீங்களேதான் தூக்குவீர்கள், எனக்குத் தெரியும்.

புகையிலையை மாமியார் முன்னால் எப்படிச் சொல்வது என்பதுதானே உங்கள் கவலை? ஃபிட்னஸ் நாளில் அவர் கூட வந்தால், உங்கள் முறை வரும் நேரம் பார்த்து டீ வாங்கிவர அனுப்பிவிடுங்கள். பழைய ஜெயில் ரோட்டில் டீக்கடைக்கா பஞ்சம்? அவர் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லி, ஆற்றி, வாங்கி வருவதற்குள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடலாம்.